மிச்சிகன் சட்டம் தெரிந்த இக்னேசியஸ்

தனக்குத் தெரியாத சட்டம் இல்லை என்று இக்னேசியஸே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் தளபாடக் கடையொன்றில் கட்டில் விற்றவர். வந்தவர்களை மெத்தையில் இருத்திவைத்துச் சட்டம் பேசுவார். கடைசியாக அவர் பிடித்துக்கொண்டது கஞ்சாச் சட்டம். போதை தராத கஞ்சாவைக் கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் வயல் வயலாக நடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம், நோர்த் டகோட்டா மாநிலம் நடலாம் என்கிறது, வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு கூடாது என்கிறது. இதை ஒப்புவிக்கும்போது, தானே எழுதிய சட்டம் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவார்.

2009 மே மாதம். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்க, ரொறன்ரோத் தமிழர் போரை நிறுத்தச் சொல்லி நெடுஞ்சாலையில் ஏறி இருந்தார்கள். இக்னேசியஸ் போகவில்லை. "ரோட்டை மறிக்கிறது சட்டப்படி பிழை" என்று சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார். செத்துப்போன அவருடைய தமையனின் மனைவி யூஜினி, மூட்டுவாதத்தில் வீங்கிய முழங்காலோடு போய் நின்றாள். அவளுடைய தங்கை வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். போர் முடிந்த கிழமை, தங்கையும் செத்துவிட்டாள் என்று செய்தி வந்தது.

மிச்சிகனில் இருந்த யூஜினியின் அண்ணன் எட்வேட் அங்கே ஒரு தேவாலயத்தில் தங்கைக்குப் பூசை ஒழுங்கு செய்தார். யூஜினியைக் காரில் கூட்டிப்போக இக்னேசியஸ் முன்வந்தார். நோவுக்கு டொக்டர் எழுதிக்கொடுத்த கஞ்சாவும் அதற்கான அரசாங்க அனுமதி அட்டையும் அவளிடம் இருந்தன.

"அதை வீட்டை வைச்சிட்டு வாறன். ரெண்டு நாள்தானே, குளிசையோடை சமாளிப்பன்" என்றாள்.

"என்ன மச்சாள் கதைக்கிறியள்? மிச்சிகனிலை போன வருசம் சனம் வோட்டுப் போட்டு மருந்துக் கஞ்சாவுக்கு ஓம் எண்டிட்டுது. உது உங்கட உரிமை!"

அவரே எடுத்து அவளுடைய பையில் வைத்தார்.

சார்னியாவின் எல்லைப் பாலத்தைக் கடந்ததும் அமெரிக்க அதிகாரி, என்ன கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டார். யூஜினி வாய் திறக்கமுன் இக்னேசியஸ் முந்திக்கொண்டு கஞ்சாவைப் பற்றியும் மிச்சிகன் சட்டத்தைப் பற்றியும் விளக்கினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மாநிலச் சட்டம் மாநிலத்துக்குள். எல்லையில் செல்லுபடியாவது முழு நாட்டின் சட்டம். அதில் இது குற்றம் என்றார். பிறகு, இது யாருடையது என்று கேட்டார்.

சட்டம் படித்த மனிதர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. யூஜினியைக் காட்டினார்.

அவளுடைய கைரேகையை எடுத்தார்கள். இனி விசேட அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்கு வரக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் இக்னேசியஸுக்குப் பசித்தது. கோப்பிக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனார். யூஜினி காருக்குள் இருந்து, எட்வேட் கோவிலுக்குள் பிடித்திருந்த போன் வழியாகப் பூசை கேட்டாள். தங்கையின் பெயரை வெள்ளைக்காரக் குருவானவர் உடைத்து உடைத்து வாசித்தார். அப்போது இக்னேசியஸ் டோனட்டைக் கடித்தபடி கதவைத் திறந்தார்.

"பாலத்தடியிலை நிண்டவன்தான் பிழை, மச்சாள். வழக்குப் போடலாம்."

"என்ரை தங்கச்சிக்குப் பூசை நடக்குது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியிலை நில்லும்."

கதவைச் சாத்திவிட்டு நின்றார். மழை தூறியது. அவள் கதவைத் திறக்கவில்லை.

தங்கையின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு, மோர்னிங்சைட்டில் அவளுடைய வீட்டில் சனம் கூடியது. சட்டம் விளங்காத ஓர் அதிகாரியைப் பற்றி இக்னேசியஸ் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். தேத்தண்ணித் தட்டோடு வந்த யூஜினி அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தாள். அவர் கவனிக்கவில்லை, வேர்மொன்ற் மாநிலத்தில் எவ்வளவு கஞ்சா வைத்திருக்கலாம் என்று தொடங்கியிருந்தார்.