றெஜினாவின் ஒன்பதாவது வரி

றெஜினா போய்விட்டாள். காலையில் ரொறொன்ரோவிலிருந்து அவளுடைய மகன் ஃபோன் செய்தார்... நித்திரையிலேயே போயிருக்கிறாள்.

எனக்குத் தொண்ணூற்று நான்கு. ஒற்றை விரலால் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பதுகளின் கடைசி. ஊர்காவற்றுறையில் பெண்கள் பள்ளிக்கூட போர்டிங். என் ஊர் சரவணை, அவளுடையது நெடுந்தீவு. வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை.

இங்கிலிஷ் படிப்பித்த சிஸ்டர் ஒருநாள் இத்தாலியன் சொனற் என்ற கவிதை வடிவம் பற்றிச் சொன்னார். பதினான்கு வரி. முதல் எட்டு வரியும் இரண்டே ஓசையில்தான் முடியவேண்டும். ஒன்பதாவது வரியில் கவிதை திரும்பவேண்டும், ஓசையும் மாறவேண்டும். எல்லோரும் ஒன்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

எனக்கு அது கணக்குப் பாடம் மாதிரி இருந்தது. நிலாவைப் பற்றி ஏதோ எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமைதான் றெஜினாவின் அப்பா போன வள்ளம் கடலில் காணாமல் போனது. அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை...

ஒரு மாதம் கழித்து வந்தாள். வந்த அன்றே எழும்பி நின்று தன் சொனற்றை வாசித்தாள். தமிழில்!

முதல் எட்டு வரியிலும் அவளுடைய அம்மா துறைக்குப் போகிறார், கடலைப் பார்க்கிறார், வீட்டுக்கு வருகிறார். திரும்பத் திரும்ப அதே இரண்டு ஓசை...

பிறகு ஒன்பதாவது வரி.

"அம்மா இன்று துறைக்குப் போகவில்லை."



"ஏன் பிள்ளை தமிழிலை எழுதினனீர்?" என்று சிஸ்டர் மெல்லக் கேட்டார்.

"அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட வேணும், சிஸ்டர்."

மத்தியானம் நான் கேட்டேன்: "அம்மா இப்ப துறைக்குப் போறேல்லையே?"

"போறவ. ஒவ்வொரு நாளும் போறவ."

"பிறகேன் அப்பிடி எழுதினனீர்?"

"அப்பா வருவார் எண்டுதான் ஒன்பதாவது வரியை எழுத வெளிக்கிட்டனான். ஆனா அப்பிடி எழுதினா கவிதை திரும்பாதுதானே... அந்த எட்டு வரியும் அவரைப் பாத்துப் பாத்துப் போன அதே பாதை. திரும்ப வேணுமெண்டா இது ஒண்டுதான் இருந்தது. எழுதின பிறகுதான், அவர் வரமாட்டார் எண்டு எனக்கே விளங்கினது."

நான் நிலாவுக்கு விரல்விட்டு எண்ணி எழுதியதும் இதே பதினான்கு வரிதான்!

லீவுக்குப் போய் அம்மாவுக்கு வாசித்திருக்கிறாள்.

கேட்டு முடிந்ததும் அவர், "நான் துறைக்குப் போறனான் தானே பிள்ளை?" என்று மட்டும் கேட்டாராம்.

"ஓம் அம்மா."

அடுத்த நாள் அவர் துறைக்குப் போகவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனாராம்.

இதைச் சொன்னபோது றெஜினா அழவில்லை. தான் எழுதியதைப் பார்த்துத் தானே பயந்தவள் மாதிரி இருந்தாள்.

பிறகு நேர்ஸ் ஆனாள், கலியாணம், பிள்ளைகள், கனடா... எனக்குத் தெரிய வேறு கவிதை எழுதவில்லை.

உமக்குப் பக்கத்தில இருந்து அதை என்ரை காதால கேட்டனான், றெஜினா.

போயிட்டு வாரும்.