சக்கரம் வைத்த நாசகாரிக் கப்பல்

1. லோரி வந்த காலை

மலாய் நாட்டுக் கெடா மாநிலத்தில், கடல் கண்ணுக்கே தெரியாத கரங்கானில் நான் போர்க்கப்பல் கட்டியிருக்கிறேன். இதைச் சொன்னால் என் மருமகனே சிரிக்கிறான். கூலிம் ஃபாக்டரியில் பிளானிங் பிரிவில் இருக்கிறான். மூன்று நாள் தாமதம் என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. நானோ ஒரு நாசகாரிக் கப்பலை இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாமதப்படுத்தியவன். அவனைப் போல வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் வெகு நாளாகியிருந்தது. மாதம் ஒரு முறை காலைப் பெரட்டில் ஆள் எண்ணும் நேரத்தில் ராணுவ லோரி வரும். சார்ஜன் ஒருவன் இறங்கி, வரிசையில் நிற்கும் இளவட்டங்களை விரலால் காட்டுவான். காட்டப்பட்டவன் லோரியில் ஏற வேண்டும். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றான். முதல் லோரியில் என் அண்ணன் போனார். அவர் திரும்பவே இல்லை. தப்பி வந்த ஒருவன், அங்கே மனிதர்கள் காலராவில் விழுவதைச் சொல்லிவிட்டு, நாங்கள் கொடுத்த கஞ்சியைக் குடிக்காமல் அழுதான். அதன் பிறகு லோரிச் சத்தம் கேட்டாலே நான் வரிசையின் கடைசிக்கு நகர்ந்துவிடுவேன்.

அப்படி ஒரு லோரி நாளில்தான் வெள்ளைச் சட்டையோடு கடற்படை லெப்டினன்ட் ஒகினோ வந்து சேர்ந்தார். அவர் பேசியது புத்தகத்தில் படித்த மலாய். நான் பேசியது பாசாரில் படித்த மலாய். எப்படியோ ஒத்துப்போனது.

"கோடு போட்டுப் பிளான் வரையத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார்.

சார்ஜனின் விரல் என் பக்கம் வந்துகொண்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன். அதுவரை நான் வரைந்த ஒரே பிளான் தோட்டத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையுடையது. அதிலும் கதவு வைக்க மறந்துவிட்டேன்.

ஒகினோ விஷயத்தைச் சொன்னார். புதிய வகை நாசகாரிக் கப்பல்கள், மொத்தம் பன்னிரண்டு, மரத்தால் கட்ட வேண்டும்; எங்கள் தோட்டத்தின் பங்கு ஒன்று. அந்த வகைக்குப் பெயர் ஜெராய். கரையில் கட்டினால் விமானம் பார்த்துவிடும் என்பதால் ரப்பர் மர நிழலில் கட்டி, யான் கடற்கரைக்குக் கொண்டுபோய், ஜெராய் மலையடியில் கடலில் இறக்குவது திட்டம். ஜப்பானில் அவர் பாலம் கட்டிக்கொண்டிருந்தவராம். அவர் காட்டிய முதல் படமும் தலைகீழாகக் கவிழ்த்த பாலம் மாதிரிதான் இருந்தது.

"எத்தனை ஆள் வேண்டும்?" என்றார்.

வரிசையைப் பார்த்தேன். லோரி ஏறும் வயதில் மிச்சமிருந்தவர்களை எண்ணினேன்.

"நாற்பத்தொன்று, துவான்."

"நாற்பது போதாதா?"

"ஒருத்தர் தண்ணி தூக்கணும்லா."

அவர் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். கப்பல் வேலை முடியும்வரை அந்த நாற்பத்தொரு பேரும் கடற்படை ஆட்கள். முடிந்த மறுநாள் ராணுவத்துக்கு. சார்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு வெறும் லோரியோடு போனான். நானும் வேலை முடியும்வரை என்ற வார்த்தையை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

2. கடற்படையின் நட்சத்திரம்

கப்பலுக்கு ஆசாரி வேண்டும். எங்களிடம் இருந்தது சொக்கலிங்க ஆசாரி ஒருவர்தான். தோட்டத்து மாரியம்மனுக்குத் தேர் செய்ய ஊரிலிருந்து வந்தவர். தேர் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. அறுபதைத் தாண்டியவர் என்பதால் லோரிக்காரன் அவரைத் திரும்பியும் பார்க்கமாட்டான். கடலை அவர் பார்த்ததே ஊரிலிருந்து கப்பலில் வந்தபோதுதான். அப்போதும் பாதி வழி வாந்தி.

ஒகினோ படத்தை விரித்தார். ஆசாரி அதைப் பார்க்கவே இல்லை. முழக்கோலை ஊன்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"கப்பலு யாரு பேர்ல கிராணி? அவரு நச்சத்திரம் என்ன?"

"நட்சத்திரம் எதுக்கு ஆசாரியாரே?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? வீடோ தேரோ, நீளம் உடையவரு நச்சத்திரத்துக்குப் பொருந்தணும். பொருந்தாம ஒரு மரத்துல உளி வைக்கமாட்டேன்."

பயந்துகொண்டேதான் மலாயில் சொன்னேன். ஒகினோ சிரிக்கவில்லை. வெகு நேரம் யோசித்துவிட்டு, "இதை நான் முடிவு செய்ய முடியாது" என்று பினாங்குத் தலைமையகத்துக்கு எழுதினார். 'அடிமர நீளம் தொடர்பாக: உரிமையாளரின் பிறந்த விவரம் தேவை.'

பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. உரிமையாளர் சக்கரவர்த்தியா, கடற்படையா என்று அங்கே கமிட்டி போட்டார்களாம். இந்த நான்கு மாதமும் நாற்பத்தொரு பேரும் கப்பல் கட்டும் தளத்தைக் கூட்டினார்கள், உளி தீட்டினார்கள், தளத்தைச் சுற்றி மரவள்ளி நட்டார்கள். இதற்கிடையே ஜப்பான்காரர்கள் கெடா மாநிலத்தையே தூக்கிச் சயாமிடம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் சயாமுக்குப் போகாமல் தப்பித்தோம் என்றிருந்தால் சயாமே எங்களிடம் வந்துவிட்டது. லோரியும் சார்ஜனும் மட்டும் மாறவில்லை.

கடைசியில் பதில் வந்தது. உரிமையாளர் கடற்படை. அதன் முதல் கப்பல் கடலில் இறங்கிய நாளையே பிறந்த நாளாகக் கொள்ளவும். ஆசாரி விரல் விட்டு எண்ணி, ரேவதி என்றார். நீளம் கிடைத்தது, உளி இறங்கியது.

அப்போதுதான் எனக்குச் சனி பிடித்தது. கிழவர் பேய் மாதிரி வேலை செய்தார். காட்டிலிருந்து வந்த மரங்களை ஆறே வாரத்தில் இழைத்து அடிமரம் பூட்டி, விலா மரங்களையும் நிறுத்திவிட்டார். இப்படியே போனால் இரண்டு மாதத்தில் கப்பல் முடியும். நாற்பத்தொரு பேரும் லோரியில் ஏறுவார்கள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆசாரியாரே, கொஞ்சம் மெதுவா செய்யலாமே."

"மெதுவான்னா?"

"இழுக்கலாம்லா."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வேலைய இழுத்தடிக்கிற சோம்பேறிப் பயலா நானு? இந்தக் கைக்குப் பொய்யி தெரியாது கிராணி. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளுக்கு எங்கே போவது? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் அவரிடம் போய், "பினாங்குல கணக்குத் தப்பாப் போச்சாம். கடற்படை ரேவதி இல்லையாம், பரணியாம்" என்றேன்.

ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே மரப் பூட்டுகளைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தார். சாஸ்திரம் தப்பினால் பிரித்துத்தான் ஆக வேண்டும், அதில் அவருக்குச் சோம்பலும் இல்லை, கோபமும் இல்லை. ஒகினோவிடம் மரம் வெடித்துவிட்டது என்றேன். ஐந்து மாதம் கழித்துப் பரணியைச் சுவாதியாக்கினேன். எந்த நாட்டுக் கடற்படையும் இத்தனை முறை பிறந்திருக்காது.

3. வடம் பிடிக்க ஒரு வசதி

மூன்றாவது முறை கட்டும்போது எனக்கு மலேரியா. இரண்டு வாரம் படுத்துவிட்டேன். எழுந்து தளத்துக்குப் போனால் ஒகினோ கப்பல் முன்னால் சிலை மாதிரி நிற்கிறார். கப்பலுக்குக் கீழே ஆளுயரத்தில் நான்கு மரச் சக்கரங்கள். அச்சு, கடையாணி எல்லாம் பக்காவாக இருந்தன.

"இது என்ன என்று கேள்" என்றார் ஒகினோ.

கேட்டேன். ஆசாரிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"பின்ன? இங்கேருந்து யானுக்கு எப்படிப் போவும், பறந்தா? வடம் கட்டி இழுக்கணுமில்ல. சக்கரம் வைக்காம யாராச்சும் விடுவானா?"

தேர் செய்தவருக்குச் சக்கரம் இல்லாத வேலை வேலையாகவே தெரியவில்லை. எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒகினோ ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து சக்கரங்களை அளந்து படம் போட்டு பினாங்குக்கு அனுப்பினார். இந்த முறை ஒரே வாரத்தில் பதில். நிலத்திலும் செல்லும் நாசகாரி, உலகில் எவரிடமும் இல்லாதது என்று ஒரே பாராட்டு.

செய்தி ராணுவத்துக்கும் எட்டியது. சார்ஜன் வந்து சக்கரத்தைப் பூட்ஸ் காலால் ஓர் உதை உதைத்தான்.

"சக்கரம் இருந்தால் வண்டி. வண்டி என்றால் ராணுவம். இந்த ஆட்களும் ராணுவம்!"

ராணுவம், கடற்படை இரண்டு பக்கத்துப் பெரிய அதிகாரிகளும் பத்து நாளில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள் என்று ஏற்பாடானது. ஒகினோ என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ராணுவம் ஜெயித்தால் உங்கள் ஆட்கள் உடனே போவார்கள். நாங்கள் ஜெயித்தால் கப்பலை யானுக்கு இழுத்துப் போவோம், இங்கே வேலை முடிந்தது. அப்போதும் போவார்கள். ஒப்பந்தம் அப்படி." இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

4. மூன்று விரற்கடை

அதிகாரிகள் பார்க்க வரும் நாளுக்கு முந்தின நாள் ஆசாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பரணி, சுவாதி இரண்டும் என் கைச்சரக்கு என்பதையும் சொன்னேன்.

"மொத தடவையே தெரியும்" என்றார், இழைப்பதை நிறுத்தாமல். "கடுதாசி வராம நச்சத்திரம் மாறுமா? நீங்க கேட்டது சோம்பேறித்தனம், செய்யமாட்டேன்னேன். நீங்க சொன்னது சாஸ்திரம், செஞ்சேன். அதுக்கு மேல நான் ஏன் கேக்கணும்?"

"நாளைக்குச் சாஸ்திரம் உதவாது ஆசாரியாரே."

"மொத்தம் எத்தன பேரு?"

"நாப்பத்தொண்ணு."

அவர் தலையாட்டிக்கொண்டே தொடர்ந்து இழைத்தார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடற்படைக் கமாண்டரும் ராணுவ மேஜரும் வந்தார்கள். புகைக்கொட்டகை ஓரமாக இரண்டு லோரிகள் எஞ்சினை அணைக்காமல் நின்றன. நாற்பத்தொரு பேரும் துணி மூட்டையோடு வரிசையில். பெரியவர்கள் இரண்டு மணி நேரம் சக்கரத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். நிலத்தில் ஓடும்போது ராணுவம், நீரில் மிதக்கும்போது கடற்படை என்று முடிவானது. யான் கரையில் சேற்றில் நிற்கும்போது யார் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். சேறு இரண்டு பேருக்கும் பொது என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் காகிதத்தில் குத்தக் கமாண்டர் முத்திரையை எடுத்தார்.

"கிராணி, நிறுத்தச் சொல்லுங்க" என்று ஆசாரி முன்னால் வந்தார். அடிமரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு முழக்கோலை வைத்துப் பார்த்தார். எழுந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அடிமரம் மூணு விரக்கட கோணல். தப்பு என்னோடது. இது தண்ணியில கவுந்துரும்."

நான் மலாயில் சொன்னேன். ஒகினோ அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். சார்ஜன் பாய்ந்து வந்து ஆசாரியின் கன்னத்தில் அறைந்தான். தலைப்பாகை தெறித்தது. இன்னும் மூன்று அறை. ஒவ்வொன்றுக்கும் பிறகு கிழவர் அதையே சொன்னார்: "கோணல். தப்பு என்னோடது."

கோணல் கப்பலை ராணுவம் வேண்டாம் என்றது. கடற்படைக்கு மானப் பிரச்சினை: பிரித்து மறுபடி கட்டு, அதுவரை ஆட்கள் இங்கேயே. லோரிகள் காலியாகப் போயின.

எல்லோரும் கலைந்த பிறகு அடிமரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நானே நூல் கட்டிப் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை. ஆசாரி வீங்கிய கன்னத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தீங்களா? வெளிய சொல்லாதீங்க. காத்துக்கும் காது உண்டு."

சொல்லவில்லை. அதனால் அவருக்கு வந்த பேர் கோணல் ஆசாரி. அந்த நாற்பத்தொரு பேரே வைத்த பேர். கிழவருக்குக் கண்ணு போச்சு, கை போச்சு என்று அவர் காதுபடவே சிரித்தார்கள். அவர் குனிந்த தலையோடு நான்காவது முறை அடிமரம் இழைத்தார். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது.

அது பாதி எழும்பியிருந்தபோது ஜப்பான் சரணடைந்தது. சார்ஜன் போன மறுநாளே நாற்பத்தொரு பேரையும் கூட்டி வைத்து நடந்ததைச் சொன்னேன். பிறகு ஒரே கூட்டமாக தொழிலாளர் லயத்தில் இருந்த ஆசாரியின் வீட்டுக்குப் போனார்கள்.

பிள்ளைகளே, வேலையை நேரத்தில் முடிக்க எல்லோரும் சொல்லித் தருவார்கள். அந்த வேலை முடிந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வேலையில் சேர்த்திதான். நான் கற்றது அது. நாற்பத்தொரு பேரும் தப்பியது என் சாமர்த்தியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான், என் பொய்களுக்கு நான் ஒன்றுமே கொடுக்கவில்லை, அவருடைய ஒரே பொய்க்கு அவர் எல்லாவற்றையும் கொடுத்திருந்தார் என்பது உறைத்தது.

நாற்பத்தொரு பேரும் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். ஆசாரிக்குக் கூச்சம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அதட்டினார்:

"எந்திரிங்கடா. அடிமரம் நேராத்தான் இருந்திச்சின்னு நம்புறீங்களா இல்லியா? மொதல்ல அதச் சொல்லுங்க."