செல்வமணி டீச்சரின் குரலை எடுத்துவிட்டீர்கள்

செல்வமணி டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டிலேயே மாரடைப்பால் இறந்துபோன செய்தி, நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. உடனே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதே குழுவில் டீச்சரின் முதல் வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களின் கைகள்தாம் அவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த வீடியோவில் சிரிக்க விஷயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆறாம் வகுப்பு அறிவியல் பாடத்தை எடுக்க, அரிசி அளக்கும் படிக்குள் செல்போனை நிமிர்த்தி வைத்திருந்தார். மைக் போனின் அடியில் இருப்பது அவருக்குத் தெரியாது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. கேலி செய்த உங்களில் ஒருவர்கூட மைக் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்காது. டீச்சர் தானே கண்டுபிடித்து, போனைப் படுக்கைவாட்டில் படியின்மேல் சாய்த்து, மறுபடி எடுத்தார்.

பிறகு ராஜபாளையத்தில் என் வீட்டுச் சமையலறையில் எடுத்தோம். நான் கணக்கு டீச்சர். அங்கே எனக்குப் போன் பிடிக்கிற வேலை. சித்திரை வெயிலில், "ஏட்டி, ஃபேனை நிப்பாட்டு. பிள்ளைகளுக்கு எம் பேச்சு கேக்கணுமா, காத்துச் சத்தம் கேக்கணுமா?" என்பார். முகத்தையும் எடுக்கட்டுமா என்று கேட்டால் திட்டு விழும். "எம் மூஞ்சி எதுக்கு? செய்யுத கை தெரியட்டும், சொல்லுதது கேக்கட்டும். அம்புட்டுத்தான்."

அந்தச் சொல்லுதல்தான் தலைமையாசிரியருக்கு ஆகவில்லை. "பேச்சு ரொம்ப லோக்கலா இருக்கு டீச்சர். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளை யாரையாவது வச்சு வாய்ஸ மாத்திருவோம்" என்றார்.

"சார், பாடம் பிள்ளைகளுக்குப் புரியுதா, இல்லையா?"

"புரியுது. ஆனா..."

"புரிஞ்சிட்டுல்லா, பொறவு என்ன ஆனா?"

நீங்கள் எல்லாரும் அப்போது குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

அவர் உயிரோடு இருந்தவரை நடக்காததை இரங்கல் கூட்டத்தில் நடத்திக் காட்டினீர்கள். அவருடைய வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் புதுக் குரல் போடப்போவதாகத் தலைமையாசிரியர் அறிவித்தார். கையும் தட்டினீர்கள். பிறகு திரையில் பலூன் வீடியோ ஓடியது. குரலை எடுத்துவிட்டுச் சோகமாகப் புல்லாங்குழல் போட்டிருந்தீர்கள். எலுமிச்சைச் சாறு ஊற்றிய பாட்டிலின் வாயில், சமையல் சோடா போட்ட பலூனை மாட்டும் அவர் கைகள் ஊமையாக அசைந்தன. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சண்டை போடவே எழுந்தேன்.

அதற்குள் திரையில் அவர் பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டினார். தரையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினார்கள்: "செத்த நேரம் பொறுங்கலே... இப்பப் பாருங்க, எம்புட்டுப் பெருசாகுதுன்னு!"

"சைலன்ஸ்!" என்றார் தலைமையாசிரியர். பலூன் உப்பியது. பிள்ளைகள் அடுத்த வரியையும் டீச்சர் சொன்னபடியே சொன்னார்கள்.

டீச்சர் பேசிய அசல் வீடியோக்கள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பிடிவாதமும் கொஞ்சம் இருக்கிறது. குரலை மாற்ற வேண்டும் என்பவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுவோம்.