நாலாவதாக வருகிறவர்

பந்தய வட்டாரத்தில் அவரை ‘நாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டியில் ஏற்றிவிட்டாலும் நாலாவதாக வந்து நிற்பார். மூன்று பேர் ஏறும் மேடைக்குக் கீழே நின்று கைதட்டியே கை காய்த்துப்போன மனுஷன்.

பத்து வயதில் சின்ன கார்ட் வண்டியில் ஆரம்பித்தார். அடுத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா வண்டி. அங்கே பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் இருக்கையைத் தட்டிக்கொண்டு போக, இவர் காட்டு மண்பாதையில் ஓட்டும் ராலிக்குப் போனார். இரண்டு வருடம் மரத்தையும் மண்மேட்டையும் முட்டிவிட்டு, நாலு கதவு சலூன் கார் பந்தயத்துக்கு வந்தார். வண்டி மாறினால் ஊர் மாறும், ஊர் மாறினால் வீடு மாறும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் ஏழு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் முதல் ஆறு மாதம் மனைவியின் கை பழைய வீட்டு ஸ்விட்சைத்தான் தேடும். விளக்கைப் போடப்போனால் ஃபேன் சுற்றும்.

இந்த வருடக் கடைசிப் பந்தயத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் மூன்று வருட ஒப்பந்தம் என்று அணி மேலாளர் சொல்லியிருந்தார். அதாவது, எட்டாவது வீடு கிடையாது. சுவரில் தைரியமாக ஆணி அடிக்கலாம்.

ஆனால் பாதி வருடத்தில் கொடுத்த புது காரில் ஸ்டியரிங் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. டயர் மாற்ற ஓடுபாதையை விட்டு உள்ளே வரும்போது வேகத்தைக் கட்டிப்போட ஒரு பொத்தான் உண்டு. பழைய காரில் அணியோடு பேசும் ரேடியோ பொத்தான் இருந்த இடத்தில் இப்போது அது. சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து அவர் பழகியதைப் பார்த்து மனைவி சொன்னாள்.

“அந்தப் பொத்தான் மேல ஒரு செவப்பு டேப் ஒட்டிக்குங்களேன்.”

“முப்பது வருஷமா ஓட்டறேன். டேப் ஒட்டினா மெக்கானிக்கெல்லாம் சிரிப்பானுங்க.”

பந்தயத்தன்று மெக்கானிக்குகளுக்குப் பின்னால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அவள் நின்றாள். கடைசிச் சுற்று. அவர் மூன்றாவது. நேர்ப்பாதையில் முழு வேகத்தில் வந்த கார் திடீரென்று கோயில் யானை மாதிரி அசைந்து போனது. ரேடியோவில் சத்தமே இல்லை. பின்னால் வந்தவன் சர்ரென்று தாண்டிப் போனபிறகுதான் குரல் வந்தது. டயர் தேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் பழைய ஞாபகத்தில் அந்தப் பொத்தானை அழுத்தினாராம்.

நாலாவது.

மெக்கானிக்குகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒப்பந்தம் வேறொருவனுக்குப் போனது.

மறுவாரம் ஃபோனை வைத்துவிட்டு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“லாரி ரேஸ்ல ஒரு எடம் இருக்காம். வேற ஊரு.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“லாரில எத்தனை பொத்தான்?”

“பதினாலு.”

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். போன தடவை எழுதிய ‘சமையலறை’, ‘துணி’, ‘ஹெல்மெட்’ எல்லாம் அப்படியே இருந்தன. புதிதாக எழுதுகிற வேலைகூட இல்லை.