லிப்ட் பக்கத்து அறை

முழு விலை கொடுத்து ஓட்டலில் தங்குகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. கெட்டவர்கள் என்று சொல்லமாட்டாள். கேட்கத் தெரியாதவர்கள், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் இறங்கிவிடும் வாடகைக்கு வாயை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறவர்களை, சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு தெருவில் போகிறவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

கண்ணாடிக் கடையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பிரேமைச் சூடுகாட்டி வளைத்து, காதுக்குப் பின்னால் விரல் வைத்து அளவு பார்த்து, யாருடைய மூக்காக இருந்தாலும் அதன்மேல் ஒழுங்காக உட்கார வைத்துவிடுவாள். மதியம் இரண்டரையிலிருந்து மூன்றரை வரை கடையில் ஈ காக்கா இருக்காது. ஓட்டல்களுக்குப் போன் போடுகிற நேரம் அது. காலையில் போட்டால் ரிசப்ஷனில் காலிசெய்கிறவர்கள் கூட்டம். மாலையில் வந்து இறங்குகிறவர்கள் கூட்டம். நடுவில் அந்த ஒரு மணி நேரம்தான் ரிசப்ஷன்காரர் தனியாக, நாலு வார்த்தை பேச ஆள் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பார். இது அவளே கண்டுபிடித்தது.

எடுத்த எடுப்பில் விலையைப் பேசமாட்டாள்.

"தம்பி, யாரும் வேண்டாம்னு சொல்ற ரூம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குமே. லிப்ட் பக்கத்து ரூமா இருந்தாலும் பரவாயில்ல. எங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பக்கத்திலிருந்து கேட்டால் கணவர் முணுமுணுப்பார். அவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவி அடுக்குகிறவர், சத்தமே போடத் தெரியாதவர். "எனக்குக் காது நல்லாத்தானே கேக்குது."

"வாடகைய முழுசா சொன்னா அடைச்சுக்கும். சும்மா இருங்க."

இப்படி அவர்கள் தங்காத அறை இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கில் இடிக்கும் அறை. அலமாரிக் கதவு தானாகத் திறந்து, எட்டிப் பார்த்துவிட்டு, தானாக மூடிக்கொள்ளும் அறை. ஒரு தடவை புதுமணத் தம்பதிகளுக்கென்று வட்டக் கட்டில் போட்ட அறை கிடைத்தது. அதில் அவளும் கணவரும் பன்னிரண்டு வயது மகளும் கடிகார முள் மாதிரி மூன்று திசையில் கால் நீட்டித் தூங்கினார்கள். பதினைந்து குறையும், இருபது குறையும், அதிர்ஷ்டம் இருந்தால் இருபத்தைந்து சதவீதம். சொந்தக்காரர் யார் ஊருக்குப் போனாலும் முதல் போன் அவளுக்குத்தான். பிள்ளைகள் அவளுக்குத் தள்ளுபடிப் பெரியம்மா என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அவளுக்குக் கூடப் பிறந்தவள் ஒரு தங்கை மட்டும்தான். தங்கைக்குப் பயணிகள் கப்பலில் சலவைக்கூட மேற்பார்வை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கப்பல், அவளுடைய ஊரிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்தில் இருக்கும் துறைமுகத்துக்கு வரும். ஒரு சாயங்காலமும் ஓர் இரவும் தங்கைக்கு விடுப்பு. அக்கா தங்கை இருவர் மட்டும் ஓர் அறையில் படுத்துக்கொண்டு பேசுவார்கள். வேறொன்றும் செய்யமாட்டார்கள். மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்த வருஷம்தான். அறை பார்ப்பது எப்போதும் அக்கா.

இந்த வருஷம் தங்கை போனில் சொன்னாள்: "அக்கா, ரூம் நான் போடறேன்."

"நீயா?"

"ஏன், நான் போடக்கூடாதா? எனக்கு நாப்பத்தாறு வயசு."

"போட்டியே ஒரு தடவை."

அந்த ஒரு தடவை தங்கை மாதத்தை மாற்றிப் போட்டுவிட்டாள். பெட்டியும் கையுமாக ரிசப்ஷன் சோபாவிலேயே அந்த வருஷத்துச் சந்திப்பு நடந்து முடிந்தது.

"அதையே எத்தனை வருஷம் சொல்லுவே? இந்தத் தடவை நீ விருந்தாளி. கைய வீசிட்டு வா."

"சரிடி," என்றாள்.

சரி என்றது வாய். கை மறுவாரமே போனை எடுத்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்தத் தேதியில் துறைமுக நகரத்தில் குளிர்சாதன இயந்திரக் கண்காட்சி என்று பேப்பரில் பார்த்தாள். அப்படியென்றால் அறைகள் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை மூன்று மடங்கு. தங்கை தட்டுத்தடுமாறி முடிப்பதற்குள் எல்லாம் போய்விடும். போனால் அந்த ஓர் இரவும் போச்சு.

ஏழு ஓட்டல்களில் இல்லை என்றார்கள். எட்டாவது, துறைமுகத்தை ஒட்டிய ஓட்டல். ரிசப்ஷன்காரருக்குத் தீராத ஜலதோஷக் குரல்.

"லிப்ட் பக்கத்துல ஒண்ணு இருக்கு மேடம். வெப்சைட்ல போடறதில்ல."

"அதான் வேணும். எங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"உங்களுக்குமா மேடம்?" என்றார் அவர். "இன்னொரு மேடமும் இதைக் கேட்டு வெச்சிருக்காங்களே."

வேட்டையில் இருக்கிறவளுக்கு அந்த 'உங்களுக்குமா' காதில் ஏறவில்லை. "கேட்டுத்தானே வெச்சிருக்காங்க? பணம் கட்டிட்டாங்களா?"

"வியாழக்கிழமை கட்டறேன்னாங்க."

"இன்னிக்கு என்ன?"

"செவ்வாய்."

"தம்பி, வியாழக்கிழமை இன்னும் வரல. நான் வந்துட்டேன்."

அவர் இருமினார், யோசித்தார். அவள் விடவில்லை. கடைசியில் முப்பது சதவீதம் தள்ளுபடி, முழு வாடகையில் பாதி இப்போதே முன்பணம், மீதி வந்தபிறகு, கேன்சல் செய்தால் முன்பணம் திரும்பாது என்று முடிந்தது. முப்பது என்பது அவளுடைய சரித்திரத்திலேயே இல்லாத எண். சாயங்காலம் வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனாள்.

"தங்கச்சி போடறேன்னு சொன்னாளே?" என்றார் கணவர்.

"போடட்டும். இது கைகாவலுக்கு. அவ கோட்டை விட்டதும் எடுத்துக் காட்டுவேன்."

எடுத்துக் காட்டும் காட்சியைத்தான் இரண்டு நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமை சாப்பிட உட்காரும்போது தங்கை கூப்பிட்டாள். பின்னால் ஒரே காற்றுச் சத்தம்.

"அக்கா, ரூம் போச்சு."

"எந்த ரூம்?"

"துறைமுகத்து ஓட்டல்ல ஒரு ரூம். ரெண்டு வாரமா பேசிப் பேசிக் கரைச்சு வெச்சிருந்தேன். கரை கண்ணுல பட்டாத்தான் இங்க சிக்னல். படறப்பல்லாம் ஈரக் கையோட மேல்தளத்துக்கு ஓடி ஓடிப் பேசினேன். லிப்ட் பக்கத்து ரூமா இருந்தாலும் பரவாயில்ல, காது மந்தம்னு உன் வசனத்தைக்கூடச் சொன்னேன். நாப்பது சதவீதம் குறைச்சுட்டாரு. இன்னிக்குப் பணம் கட்டலாம்னு கூப்பிட்டா, எவளோ ஒருத்தி செவ்வாய்க்கிழமையே கொத்திட்டுப் போயிட்டா."

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. குற்ற உணர்ச்சி முதலில் வந்திருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும். முதலில் வந்தது வேறு.

"நாப்பதா?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"சொல்ல என்ன இருக்கு. நீயே பாத்துக்கோக்கா. ஆயிரம் பேர் துணிய கலக்காம வெளுத்து அடுக்கறேன், ஒரு ரூம் போடத் துப்பில்ல. இதெல்லாம் எனக்கு வராது."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள், தீர்ந்துபோன சோப்பைப் பற்றிச் சொல்வதுபோல. நான்தான்டி அது, ரூம் நம்மகிட்டதான் இருக்கு என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இரவு தப்பிக்கும். ஆனால் இந்தக் குரலோடு வந்து படுக்கிறவள் இனி ஆயுசுக்கும் 'நான் போடறேன்' என்று சொல்லமாட்டாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு மறுபடி கூப்பிட்டுக் கேளு," என்றாள். "அவசரப்பட்டு போடறவங்க அவசரப்பட்டு கேன்சலும் பண்ணுவாங்க."

"அதெல்லாம் நடக்குமா?"

"நான் எத்தனை பாத்திருக்கேன். கேளு."

போனை வைத்ததும் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அவசரப்பட்டவங்க யாரு?"

"சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு ரிசப்ஷன்காரரைப் பிடித்தாள்.

"தம்பி, என் ரூமை கேன்சல் பண்ணிடுங்க. மூணு மணிக்கு அந்த இன்னொரு மேடம் கூப்பிடுவாங்க. அவங்களுக்குக் குடுத்துடுங்க."

"முன்பணம் திரும்ப வராது மேடம்."

"தெரியும். அந்த ரூல் உங்களைவிட எனக்கு நல்லா தெரியும். அது வாடகையில பாதி, இல்லையா? அதை அங்கேயே வெச்சுக்கோங்க. அவங்க நாப்பது கேப்பாங்க. நீங்க ஐம்பது குறைச்சுக் குடுங்க."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணக்குப் போட்டார். "அப்ப உங்க பாதியும் அவங்க பாதியும் சேந்து முழு வாடகை ஆகுதே மேடம்."

"அதை சத்தமா சொல்லாதீங்க."

"நீங்க அவங்களுக்கு யாரு மேடம்?"

"போட்டிக்காரி."

"புரிஞ்சுது மேடம்," என்றார். "ஆனா ஒண்ணு. கண்காட்சிக்காரர் ஒருத்தர் முழு வாடகையும் கையில வெச்சுட்டு இங்கேயே நிக்கறாரு. மூணரை வரைக்கும்தான் நான் தாங்குவேன்."

மூன்று ஆயிற்று. கரை கண்ணில் பட்டால்தான் சிக்னல் என்பது அப்போதுதான் அவளுக்கு நெஞ்சில் உறைத்தது. மூன்று பத்துக்கு ஒரு வயதானவர் பிரேம் பார்க்க வந்தார். அவருக்குத் தலைகீழாக மாட்டிவிட்டாள். "இது புது மாடலா?" என்று அவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்றாள். மூன்று இருபத்தாறுக்குப் போன் அதிர்ந்தது. குரல் செய்தி. பாதி காற்று, பாதி மூச்சிரைப்பு.

"அக்கா. ஐம்பது."

வயதானவருக்குப் பிரேமைச் சரியாகத் திருப்பி மாட்டி, துடைக்கும் துணி இரண்டு இலவசமாகக் கொடுத்து அனுப்பினாள்.

மறுவாரம் சாயங்காலம் துறைமுக ஓட்டலில் தங்கை கையெழுத்துப் போட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். கப்பலையே விலைக்கு வாங்குகிறவள் மாதிரி போட்டாள். அக்கா பின்னால் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் ஜலதோஷக்காரருக்குக் குரல் தெரிந்துவிடும்.

"இவங்களுக்கும் காது மந்தமா மேடம்?" என்று அவர் தங்கையைக் கேட்டார்.

"வாயும் சேந்து போச்சு போல. ரயில்ல இருந்து இறங்கினதுலருந்து பேச்சே இல்ல."

அறையில் லிப்ட் வருவதும் போவதும், கதவு இழுபடுவதும், எந்த மாடியில் யார் இறங்கினார்கள் என்பது வரைக்கும் கேட்டது. தங்கை முதல் வேலையாகப் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "கஞ்சி அதிகம்," என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு ஓட்டல் துண்டுகளை எடுத்து, அவர்கள் மடித்தது சரியில்லை என்று மறுபடி மடித்துக்கொண்டே பாடம் நடத்தத் தொடங்கினாள்.

"உன் தப்பு என்ன தெரியுமாக்கா? நீ பறக்கறே. ஆளை யோசிக்க விடணும். நான் விட்டேன். அவரா வந்து ஐம்பதுன்னாரு."

"ம்."

"அந்த இன்னொரு பொம்பளைய நினைச்சாத்தான் பாவமா இருக்கு. என்ன கஷ்டமோ, கேன்சல் பண்ணிட்டா."

"பாவம் என்ன பாவம். முப்பதுக்கே பல்லை இளிச்சவ."

துண்டு பாதி மடிப்பில் நின்றது. லிப்ட் வந்து, திறந்து, மூடி, கீழே போனது.

"முப்பதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ முகங்களை அரை அடி தூரத்தில் பார்த்தவளுக்கு அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொன்னாள். கைகாவலுக்குப் போட்டதிலிருந்து முன்பணம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் அதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள். ஒரு வருஷத்து இரவை நானே கெடுத்துக்கொண்டேன் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"இரு," என்றாள் தங்கை கடைசியில். "ஐம்பது நீ குடுத்தது. அதை விடு. நீ மூக்கை நுழைக்காம நானா பேசி வாங்கினது எவ்வளவு?"

"நாப்பது."

"அதே ரூம், அதே ஆளு. நீ வாங்கினது?"

"அதான் சொன்னேனே."

"மறுபடி சொல்லு."

"முப்பது."

தங்கை துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டில் ஆடியது. துண்டை எடுத்து மூச்சு வாங்கிக்கொண்டு, "மாமாவுக்குச் சொல்லணும்," என்று போனைத் தேடினாள். சத்தமே போடத் தெரியாத அந்த மனிதர் மறுமுனையில் சிரித்த சிரிப்பு, கட்டிலின் இந்தப் பக்கம் வரை கேட்டது.

"நாப்பதாம்மா?" என்றார் அவர். "அப்ப இனிமே நம்ம ரூமையும் நீயே போட்டுடு. உங்கக்காவ நம்ப முடியாது."

"போதும், வைங்க," என்றாள் அக்கா.

"விருந்தாளிதானே நீ," என்றாள் தங்கை, கால் மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு. "கீழ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா."

கீழே டீ ஊற்றிக் கொடுக்கும்வரை ரிசப்ஷன் மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். இனி வாயை மூடி என்ன பிரயோசனம்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஒரே ரூம். நானும் காது மந்தம்னேன், அவளும் காது மந்தம்னா. எனக்கு முப்பது, அவளுக்கு மட்டும் எப்படி நாப்பது?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "காது மந்தத்துக்கு அவங்களுக்குப் பத்துதான் மேடம் குறைச்சேன். வருஷத்துல ஒரு ராத்திரிதான் எங்கக்காவைப் பாக்கறேன், அதுக்கு ஒரு ரூம் வேணும்னாங்க. மிச்ச முப்பது அதுக்கு."

டீயை எடுத்துக்கொண்டு லிப்டில் ஏறினாள். இதைச் சொன்னால் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், ஊர் முழுக்கச் சொல்லித் திரிவாள், அடுத்த வருஷம் பேசவே விடமாட்டாள் என்று ஒவ்வொரு மாடிக்கும் ஒரு காரணம் நினைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து, டீயைக்கூடக் கீழே வைக்காமல், முதல் வேலையாக அதைத்தான் சொன்னாள்.