வாத்துப்பூக் கொடி

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். பகலெல்லாம் நீராவியில் வெந்துவிட்டு வீடு திரும்பினால், ஆறுதலுக்கு இருந்தது பால்கனிக் கொடி ஒன்றுதான். கணவன் இறந்த வருஷம் வாங்கிய செடி. மொட்டு, வாத்து மாதிரி கழுத்தை வளைத்துத் தொங்கும். விரிந்தால் தட்டு அகலத்துக்குக் கருஞ்சிவப்புப் பூ. விரிந்த அன்றைக்கு மட்டும் செத்த எலி நாற்றம் அடிக்கும். ஈயை வரவழைக்க அதற்குத் தெரிந்த வழி அது. மறுநாள் வாடை போய்விடும்.

மேல்வீட்டில் தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக். அவர்தான் தன் பால்கனியிலிருந்து நைலான் கயிற்றை இறக்கினார்.

"ஏன் தங்கச்சி, அது தரையிலயே சுத்திக்கிட்டு கெடக்கணுமா? மேல அனுப்பு, நான் பாத்துக்கறேன்."

கொடி ஏறியது. அதோடு பேச்சும் ஏறி இறங்கியது.

"அண்ணே, உங்க பக்கம் எத்தனை?"

"ஏழு வாத்து. ஒண்ணுகூட முட்டை போடல."

அந்த வெயில் காலத்தில் ஓட்டலில் கூட்டம் நெரிந்தது. இரண்டு ஷிப்ட் வேலை. பால்கனிக் கதவைத் திறக்கவே அவளுக்கு நேரமில்லை. மேலேயிருந்து குரல் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போகணும் என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா படிக்கட்டில் மறித்தாள். "மூக்கைப் பொத்திக்கிட்டுச் சாப்பிட வேண்டியிருக்கு. ஈ வேற மொய்க்குது. அந்தப் பேய்க்கொடிய நீ வெட்டறியா, நான் வெட்டட்டுமா?"

"பூ ஒரு நாள்தாம்மா நாறும்."

"ஒரு நாளா! உனக்கு மூக்கே இல்லையா?"

அவளுக்கும் நாற்றம் தெரிந்துதான் இருந்தது. கொத்துக் கொத்தாகப் பூக்கிற நேரம், ஒன்று மாற்றி ஒன்று விரிகிறது போலிருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். எத்தனை பேரிடம் மல்லுக்கு நிற்பது? கத்தரியை எடுத்து அடியோடு வெட்டினாள். மேலே ஏறியிருந்ததையும் இழுத்து இறக்கிக் குப்பையில் போட்டாள்.

நாற்றம் குறையவில்லை. மறுநாள் இன்னும் கூடியது. வெட்டிய தண்டின் அருகில் குனிந்து மூச்சை இழுத்தாள். அங்கே ஒரு வாடையும் இல்லை. நிமிர்ந்து மேல்வீட்டுப் பால்கனியைப் பார்த்தாள்.

படியேறி ஓடிக் கதவை இடித்தாள். "அண்ணே! அண்ணே!" காவலாளி கடப்பாரையோடு வந்து தாழ்ப்பாளை நெம்பினான். சமையலறை வாசலில் குப்புறக் கிடந்தார் மனிதர். ஈக்கள் கிளம்பி மறுபடி உட்கார்ந்தன. காவலாளி அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான்.

அவருடைய மகள் வந்தாள். அழுது ஓய்ந்தபின் அவளைத் தேடி இறங்கி வந்தாள். "அப்பா உங்களைப் பத்தியேதான் பேசுவாரு அத்தை. நீங்க கீழயே இருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் இருந்தேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பூ நாற்றம்னு நினைச்சுட்டேன்மா என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கட்டடத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. டைப்பிஸ்ட் அம்மா அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அந்த அம்மாவும் தனிக்கட்டைதான். இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்பும்போது எதிர்க்கதவைத் தட்டிவிட்டுத்தான் இவள் படியிறங்குகிறாள்.

"இன்னும் சாகல, போ!" என்று உள்ளிருந்து எரிச்சலாகக் குரல் வரும்.

சில காலைகளில் அது வரத் தாமதமாகும். வரும்வரை கதவில் வைத்த கையை எடுக்காமல் நிற்பாள்.