பன்னிரண்டாம் வரிசை நெல்

அம்பிகா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். தையல் பிசகிய ஜோடியைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. ஆர்டர் கம்மியாகி ஆட்களைக் குறைத்தபோது, பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த நெல் ஆராய்ச்சி வயலில் சேர்ந்தாள்.

அங்கே நாற்பது வரிசை, வரிசைக்கு நாற்பது செடி. எல்லாம் ஒரே ரகம்தான். ஆனால் தாய் விதைகளை ஒரு ரசாயனத்தில் ஊறவைத்து முளைக்க விட்டிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு செடியின் டிஎன்ஏவிலும் எங்கெங்கோ சில எழுத்துகள் மாறியிருந்தன.

“எதுல எது மாறியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாதுக்கா. நமக்கு வேண்டியது ஒரே ஒரு மாற்றம்” என்றாள் ஆராய்ச்சியாளர் பூர்ணிமா. ஒரு குறிப்பிட்ட மரபணு வேலை செய்யாமல் போனால் நெல் உப்பைத் தாங்கும் என்று அவள் நம்பினாள்.

உப்பு என்றதும் அம்பிகா நிமிர்ந்தாள். பாலாற்றங்கரையில் அவளுக்கு அறுபது சென்ட் நிலம் இருந்தது. தோல் தொழிற்சாலைகளின் உப்புக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரில் நாற்று பத்தே நாளில் கருகிவிடும் என்பதால், பதினாலு வருஷமாக அங்கே யாரும் நடவில்லை.

ஆயிரத்து அறுநூறு செடியிலும் அம்பிகா இலை நறுக்கி, எண் ஒட்டிய சின்னக் குழாய்களில் போட்டாள். ஒவ்வொன்றாகப் படித்தால் மாளாது. அதனால் வரிசைக்கு ஒன்று, குறுக்குப் பத்திக்கு ஒன்று என்று எண்பது கலவைகளாக்கி டிஎன்ஏ படிக்க அனுப்பினார்கள். மாற்றம் எந்த வரிசையில், எந்தப் பத்தியில் தெரிகிறதோ, அவை இரண்டும் சந்திக்கும் இடத்துச் செடிதான் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பூர்ணிமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தாள். “அக்கா! கெடச்சுடுச்சு! பன்னெண்டாவது வரிசை, முப்பத்தொண்ணு!”

அம்பிகாவும் சேர்ந்து கத்தினாள். அடுத்த நொடியே கத்தலை நிறுத்தினாள். அந்த வரிசையில் இலை எடுத்த அன்று திடீர் மழை. முப்பத்தொன்றாம், முப்பத்திரண்டாம் குழாய்கள் கை நழுவி விழுந்து, எண் தாள்கள் உரிந்துவிட்டன. எது எதென்று தெரியாமல் குத்துமதிப்பாக ஒட்டிவைத்து, யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

பூர்ணிமா முப்பத்தொன்றாம் செடிக்குச் சிவப்பு நாடா கட்டத் தொடங்கினாள். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“மேடம், நில்லுங்க. ஒரு தப்பு பண்ட்டேன்.”

முழுவதையும் கேட்ட பூர்ணிமாவின் முகம் சிவந்தது. “இன்னாக்கா இது, இத்தினி நாளா...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, “ரெண்டுலயும் இப்பவே இலை எடுங்க. தனித்தனியா அனுப்பிடலாம்” என்றாள்.

பத்து நாளாக அம்பிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. “வேலை போனா போவுது. சொல்லிட்ட இல்ல, அது போதும்” என்றான் கணவன் நவநீதன்.

பதினோராம் நாள் போன் வந்தது. “முப்பத்திரண்டுக்கா! முப்பத்தொண்ணுல ஒண்ணுமே இல்ல. நீங்க சொல்லலன்னா தப்பான செடிய வெச்சிக்கினு ரெண்டு வருஷம் பேஜாராயிருப்பேன்!”

சத்துவாச்சாரி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த அம்பிகா ஒரு குதி குதித்தாள். பக்கத்தில் இருந்தவர் பயந்து விலகினார்.

எந்த மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு; இரண்டும் மாறினால்தான் நெல் உப்பைத் தாங்கும். அந்தச் செடியில் ஒன்றுதான் மாறியிருந்தது. அதன் விதைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றில்தான் இரண்டு பிரதியும் மாறியிருக்கும். முப்பது விதை முளைத்ததில் அப்படி ஏழு என்று டிஎன்ஏ சோதனையில் தெரிந்தது. அம்பிகா தன் கிணற்றுத் தண்ணீரையே கேனில் கொண்டுவந்து எல்லா நாற்றுக்கும் ஊற்றினாள். இரண்டு வாரத்தில் மற்றவை மஞ்சளாகிச் சுருண்டன. ஏழும் பச்சையாக நின்றன. “இன்னும் நிறைய சோதனை பாக்கி இருக்குக்கா” என்று சொல்ல வந்த பூர்ணிமா, சொல்ல முடியாமல் சிரித்துவிட்டாள்.

விதை பெருகியதும், இந்தப் பருவத்தில் அம்பிகாவின் நிலத்திலேயே நாலு சென்ட்டில் சோதனை நடவு நடந்தது. கதிர் தள்ளிவிட்டது. நேற்று ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள். விரலில் வெள்ளையாகப் பால் வழிந்தது; பதர் இல்லை.

“இன்னாங்க, ஓடியாங்க! பால் புடிச்சிருக்கு!” என்று அவள் போட்ட சத்தம், சாலையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த நவநீதனுக்கு நன்றாகவே கேட்டது.